அப்பாவின் ஜெபத்தில் என் பெயர் வரும்போது

கேள்வி:

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு 16 வயது. 11-ஆம் வகுப்பு படிக்கிறேன். பிறந்ததிலிருந்தே சபையில் வளர்ந்தவள். ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாட வசனத்துக்கு நான்தான் எப்போதும் முதல் பரிசு. அப்பா சபையில் மூப்பர். அவர் ஜெபித்தால் எல்லோரும் கண் கலங்குவார்கள். வீட்டில் அவர் வேறு மாதிரி. அம்மாவிடம் சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுவார். அடிப்பதில்லை; ஆனால் அவர் குரல் உயர்ந்தால் வீடே அடங்கிவிடும். குடும்ப ஜெபத்தில் என் பெயரைச் சொல்லி, "ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கீழ்ப்படியாமையை மாற்றும், எந்நேரமும் போனும் கையுமாக இருக்கிறாள், கணக்கில் மார்க் குறைந்துவிட்டது, இவளுக்கு உணர்வுள்ள இருதயத்தைத் தாரும்" என்பார். தம்பி ஓரக்கண்ணால் என்னைப் பார்ப்பான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் ஆமென் வேறு சொல்லவேண்டும். சத்தமாகச் சொல்லாவிட்டால் அதற்கும் திட்டு.

போன விடுமுறையில் வாலிபர் முகாமில் கையை உயர்த்தி என்னை ஒப்புக்கொடுத்தேன். அன்று நான் அழுதது உண்மை. பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அந்த உணர்வு எங்கே போனதென்றே தெரியவில்லை. காலை ஐந்து மணிக்கு அப்பா எழுப்பி வேதம் வாசிக்க உட்காரவைப்பார்; வாசித்துக்கொண்டே தூங்கிவிடுகிறேன். சாத்தான் தூங்கவைக்கிறான் என்கிறார். உயிரியலில் பரிணாமம் நடத்துகிறார்கள். ஓய்வுநாள் பள்ளியில் அது பொய் என்றார்கள். என் உயிர்த்தோழி வேறு மதம். "உங்க நம்பிக்கைப்படி நான் நரகத்துக்குத்தான் போவேனா?" என்று ஒருநாள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்று ராத்திரி, "கடவுள் நிஜமாகவே இருக்கிறாரா?" என்று மனதில் வந்துவிட்டது. அது மன்னிப்பே இல்லாத பாவமோ என்று பயந்து, தினமும் படுத்தபின் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறேன். சில நாள் காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை. இதற்கு நடுவில் வாலிபர் கூட்டத்தில் பாடல் நடத்த என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். முன்னால் நிற்கும்போது வேஷம் போடுவது மாதிரி இருக்கிறது. நான் விசுவாசத்தை விட்டுப் பின்மாற்றத்தில் போய்க்கொண்டிருக்கிறேனா?

பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்பு மகளே,

உன் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீ பின்மாற்றத்தில் போகவில்லை. விசுவாசம் ஒரு பொருட்டே இல்லை என்று ஆகிவிட்ட பிள்ளை, இப்படித் தூக்கம் கெட்டு எழுதிக்கொண்டிருக்கமாட்டாள். வளரிளம் பிள்ளைகளோடு பேசுவதுதான் என் தொழில். நானும் ஒரு விசுவாசி. இரண்டு விதத்திலும் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சாமுவேலின் கதையை நீ எத்தனையோ தடவை கேட்டிருப்பாய். ஓய்வுநாள் பள்ளியில் அதைச் சொல்லாத வருஷமே இருக்காது. ஆனால் 1 சாமுவேல் 3-ஆம் அதிகாரத்தின் 7-ஆம் வசனத்தில் யாரும் நின்று பார்ப்பதில்லை: "சாமுவேல் இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான்." கொஞ்சம் யோசித்துப் பார். பால் மறந்த நாளிலிருந்து ஆலயத்திலேயே வளர்ந்தவன் அவன். ஏபோத் என்ற ஆசாரிய உடையைக் கட்டிக்கொண்டு பணிவிடை செய்தவன். தேவனுடைய பெட்டி இருக்கிற இடத்திலேயே படுத்துத் தூங்கியவன். அவனைப் பற்றித்தான் இந்த வசனம். வேதம் இதை ஒரு குற்றமாகச் சொல்லவே இல்லை. அந்த வயதில் அவன் எங்கே இருந்தானோ அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ராத்திரியில் கடவுள் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது அவன் ஒவ்வொரு தடவையும் ஆசாரியனான ஏலியிடம்தான் ஓடினான். ஓடாமல் என்ன செய்வான்? கடவுள் சம்பந்தப்பட்ட எல்லாமே அதுவரைக்கும் அவனுக்கு ஏலி வழியாகத்தானே வந்திருந்தது!

நீயும் இதுவரை அப்படித்தான் இருந்தாய். வசனம் அப்பா சொல்லித்தந்தது. ஜெபம் அம்மா சொல்லித்தந்தது. எது சரி, எது தப்பு என்பது சபை சொல்லித்தந்தது. அது எதுவும் போலி இல்லை. சின்னப் பிள்ளைக்கு விசுவாசம் வேறு எப்படித்தான் வரமுடியும்? தன் இளம் உடன் ஊழியன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றி அப்போஸ்தலன் பவுல் எழுதும்போது, அது முதலில் பாட்டி லோவிசாளிடமும் அம்மா ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்று பெருமையாகத்தான் சொல்கிறார். ஆனால் ஒரு கட்டத்தில், "இது எங்க வீட்டு நம்பிக்கையா, என் நம்பிக்கையா?" என்ற கேள்வி வரும். உனக்கு அது வந்துவிட்டது.

மனநலத் துறையிலும் இதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறார்கள். ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் வெளியிட்ட ஆய்வில், இளைய வயதினர் தங்கள் நம்பிக்கைகளை எப்படி அடைகிறார்கள் என்பதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். கேள்வியே கேட்காமல் பெற்றோருடையதை அப்படியே எடுத்துக்கொள்வது ஒன்று. கேள்விகளோடு அல்லாடிக்கொண்டிருப்பது இன்னொன்று. அப்படி அல்லாடி, பிறகு தானாக ஒரு முடிவில் நிற்பது வேறொன்று. எதைப் பற்றியும் தேடாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதும் உண்டு. நீ அல்லாடுகிற நிலையில் இருக்கிறாய். அது சுகமான இடம் இல்லை, தெரியும். ஆனால் சொந்தமாக நம்புகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறார்கள்.

முகாமில் வந்த அழுகையைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதைச் சந்தேகப்படாதே. அந்த உணர்வு போனதால் அந்த நாள் பொய் என்று ஆகிவிடாது. முகாம் என்றால் பள்ளி இல்லை, பரீட்சை இல்லை, ராத்திரி பாட்டு, சுற்றிலும் ஒரே வயதுப் பிள்ளைகள். மனசு இளகுவதற்கு எல்லாமே ஒத்தாசையாக இருக்கிற இடம் அது. வீட்டுக்கு வந்தபின் அதே சூட்டில் இருக்க யாராலும் முடியாது. எலியா தீர்க்கதரிசியையே எடுத்துக்கொள். கர்மேல் மலையில் அக்கினி இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர். அடுத்த அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்கிறார். கடவுள் அவரிடம், "நேற்றைய உற்சாகம் எங்கே?" என்று கேட்கவில்லை. தூங்கவிட்டார். தேவதூதன் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். மறுபடியும் சாப்பாடு வந்தது. பேச்செல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தூக்கம் என்றதும் காலை ஐந்து மணி விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதில் உன்மேல் அநியாயமாக ஒரு பழி விழுந்திருக்கிறது. 13 முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். பருவ வயதில் தூக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்ற ஹார்மோன் ராத்திரி தாமதமாகத்தான் சுரக்க ஆரம்பிக்கும். அதனால் சீக்கிரம் படுத்தாலும் தூக்கம் வராது. விடியற்காலையில் உடம்பு எழுந்திருக்காது. வீட்டுப்பாடம் முடித்துப் பதினொரு மணிக்குப் படுக்கிற பிள்ளை ஐந்து மணிக்கு எழுந்தால் ஆறு மணி நேரம்தான் தூங்கியிருப்பாள். வேதத்தின்மேல் தலை சாய்ந்தால் அதற்குக் காரணம் உடம்பு. சாத்தானை இதில் இழுக்க வேண்டியதில்லை. பவுல் நடுராத்திரி வரை பிரசங்கித்தபோது ஐத்திகு என்ற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடியே தூங்கிக் கீழே விழுந்தான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொண்டார். அவனைக் கடிந்துகொண்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வார்த்தைகூட இல்லை. பள்ளி விட்டு வந்து முகம் கழுவியதும் பத்து நிமிஷம் வாசிக்கிறேன் என்று அப்பாவிடம் கேட்டுப் பார். விழிப்போடு வாசிக்கிற பத்து நிமிஷம் மேல். அப்பா ஒத்துக்கொள்ளாவிட்டால் அம்மா மூலமாகக் கேள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிடுகிறேன் என்று நீயும் ஒன்றை விட்டுக்கொடுத்தால், பேச்சு நல்லபடியாக முடிய வாய்ப்பு அதிகம்.

இனி அப்பா. உன் கடிதத்தில் கனமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஜெபத்தில் திட்டு வாங்குவது ஒரு தனி வலி. நேரடியாகத் திட்டினால் பதில் பேசலாம், அழலாம், எழுந்து போகலாம். ஜெபத்தில் சொல்லும்போது உனக்கு வாய் இல்லை. கண்ணை மூடியிருக்கவேண்டும். சொல்லுகிறவர் உன்னைப் பார்க்கவில்லை, உன்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசுகிறார். அந்த இன்னொருவர் கடவுள். கடைசியில் நீயே ஆமென் சொல்லி அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. வருஷக்கணக்கில் இப்படிக் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு, "ஜெபிப்போம்" என்ற சொல்லைக் கேட்டாலே தோள் இறுகும். என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர், "எனக்கு ஜெபமே வரவில்லை" என்பார்கள். பேசிப் பேசிப் பார்த்தால், அவர்களுக்கு வராமல் போனது ஜெபம் இல்லை. அந்தக் குரலைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை. கடவுளும் அதே தொனியில்தான் தங்களைப் பார்க்கிறார் என்று உள்ளுக்குள் பதிந்துவிட்டது. உனக்கும் இது கொஞ்சம் நடந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

அதனால் உன் சொந்த ஜெபத்துக்கு வேறு நடையைத் தேடிக்கொள். அப்பாவின் வார்த்தைகள் வேண்டாம், பிரசங்க மொழி வேண்டாம். ஒரு நோட்டில் எழுது. "இன்னைக்கு அப்பா ஜெபிச்சது எனக்கு ரொம்ப வலிச்சது. தம்பி முன்னாடி அவமானமா இருந்துச்சு. நீங்க இருக்கீங்களான்னுகூட இன்னைக்கு எனக்குத் தெரியல" என்று எழுது. இது ஜெபமா என்று சந்தேகம் வந்தால் 13-ஆம் சங்கீதத்தைத் திறந்து பார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் ஆரம்பிக்கிறது. 88-ஆம் சங்கீதம் கடைசி வரி வரைக்கும் இருட்டாகவே முடிகிறது; ஆறுதலாக ஒரு வரிகூடக் கடைசியில் சேர்க்கவில்லை. அதையும் சேர்த்துத்தான் வேதமாக நம் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

அப்பா வேஷக்காரரா என்று நீ நேரடியாகக் கேட்கவில்லை. ஆனால் கடிதம் முழுக்க அந்தக் கேள்வி இருக்கிறது. எனக்கு அவரைத் தெரியாது. ஒன்று சொல்லமுடியும்: சபையில் அவர் கண்ணீரோடு ஜெபிப்பது பொய்யாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் நாற்பது பேரிடம் கனிவாக இருப்பது எளிது. களைத்துப்போய் வந்து, தினமும் பார்க்கிற மூன்று பேரிடம் கனிவாக இருப்பதுதான் கஷ்டம். இன்னொன்றும் உண்டு. மனதில் இருக்கிற பயத்தை முகத்துக்கு நேராகச் சொல்லத் தெரியாத ஆண்கள் நிறையப் பேர். "உன்னைப் பத்தி எனக்குப் பயமா இருக்கும்மா" என்று சொல்ல வராது; அது ஜெபத்தில் குற்றப்பத்திரிகையாக வந்து விழும். உன் அப்பாவும் அப்படி ஒருவராக இருக்கலாம்.

இதை அவருக்கு வக்காலத்தாகச் சொல்லவில்லை. வலித்தது வலித்ததுதான். "பிதாக்களே, உங்கள் பிள்ளைகள் திடனற்றுப்போகாதபடி, அவர்களைக் கோபப்படுத்தாதிருங்கள்" என்று கொலோசெயர் 3:21 மூப்பர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீ நினைவில் வைக்க வேண்டியது ஏலியைப் பற்றி. அவர் வீடு சரியாக இல்லை. பிள்ளைகளை அடக்கவில்லை என்று கடவுளே அவரைக் குறை சொன்னார். சாமுவேலுக்கு வந்த முதல் செய்தியே அந்த வீட்டைப் பற்றித்தான். ஆனாலும், "போய்ப் படுத்துக்கொள், கூப்பிட்டால், 'சொல்லும் கர்த்தாவே, அடியேன் கேட்கிறேன்' என்று சொல்" என்று சொல்லிக்கொடுத்தவர் அந்த ஏலிதான். சாமுவேலுக்காகத் தானே போய்க் கேட்டுவரவில்லை. அவனையே திருப்பி அனுப்பினார். குறையுள்ள ஒருவரிடமிருந்து சரியான ஒன்றை நீ பெற்றிருக்கலாம். அவருடைய குறைக்காக அதைத் தூக்கி எறியவேண்டியதில்லை. அவர் தந்த நல்லதுக்காக அந்தக் குறையை இல்லை என்று சொல்லவும் வேண்டியதில்லை. 16 வயதில் இந்த இரண்டையும் ஒன்றாக மனதில் வைத்திருப்பது கஷ்டம்தான். உன்னால் முடியும் என்று உன் கடிதத்தைப் பார்த்தால் தோன்றுகிறது.

அவரிடம் பேசவேண்டும். எப்போது என்பது முக்கியம். ஜெபம் முடிந்த சூட்டோடு வேண்டாம், தம்பி எதிரிலும் வேண்டாம். நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, இருவரும் ஏதாவது வேலை செய்துகொண்டோ எங்காவது போய்க்கொண்டோ இருக்கும்போது பேசுவது சுலபம். முகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது, உனக்கும் அவருக்கும். வார்த்தைகள் இப்படி இருக்கலாம்: "அப்பா, நீங்க எனக்காக ஜெபிக்கிறது எனக்கு வேணும். ஆனா என் குறையெல்லாம் எல்லார் முன்னாடியும் ஜெபத்துல சொல்றப்ப, என்னைப் பத்திக் கடவுள்கிட்ட புகார் பண்ற மாதிரி இருக்கு. தப்பு இருந்தா என்கிட்ட நேரா சொல்லுங்க, கேட்டுக்கறேன்." இத்தோடு நிறுத்திவிடு. "சபையில ஒரு மாதிரி, வீட்டுல ஒரு மாதிரி இருக்கீங்க" என்ற வரி உன் நாக்கு நுனியில் வந்து நிற்கும். அது உண்மையாகவே இருந்தாலும் அன்றைக்குச் சொல்லாதே. சொன்னால் முதலில் சொன்னது எதுவும் அவர் காதில் ஏறாது.

அவர் உடனே ஒத்துக்கொள்ளாமல் போகலாம், கோபப்படலாம். சில அப்பாக்களுக்குக் காதில் விழுந்தது மனதில் இறங்க நாளாகும். அதுவரை ஆமென் விஷயத்தில் ஒரு சின்ன யோசனை. "உணர்வுள்ள இருதயத்தைத் தாரும்" என்று அவர் கேட்கிறாரே, அது நல்ல வேண்டுதல்தானே. சாலொமோன் ராஜாவே தனக்காக அந்த மாதிரி ஒன்றைத்தான் கேட்டான். அந்த ஒரு வரிக்கு மனதார ஆமென் சொல். மற்ற வரிகளுக்கும் சேர்த்து நீ ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவருக்கு நியாயம் வாங்கித்தரும் பொறுப்பை நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே. "நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேம்மா, உங்களுக்குக் கஷ்டமா இருக்குன்னு எனக்குத் தெரியுது" என்று சொல், போதும். ஆனால் குரல் உயர்வது எப்போதாவது அடியாகவோ மிரட்டலாகவோ மாறினால், அல்லது அம்மா பயந்து நடுங்குவதை நீ பார்த்தால், பெரியவர் ஒருவரிடம் உடனே சொல்லவேண்டும். சித்தி, அத்தை, வகுப்பு ஆசிரியை, பள்ளி ஆலோசகர், யாராக இருந்தாலும் சரி. அப்பா மூப்பர் என்பதற்காக மறைக்காதே. சபையின் பெயரைக் காப்பாற்றுவது உன் வேலையே இல்லை.

மன்னிக்கப்படாத பாவம் பற்றிய பயம் உன்னை மாதிரி மென்மையான மனசாட்சி உள்ள பிள்ளைகளுக்குத்தான் அதிகம் வருகிறது. மாற்கு 3-ஆம் அதிகாரத்தை முழுதாக வாசித்துப் பார். எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் இயேசு பிசாசுகளைத் துரத்துவதைப் பார்த்துவிட்டு, இது பிசாசின் வேலை என்கிறார்கள். அவர்கள் அப்படிச் சொன்னதால்தான், பரிசுத்த ஆவியைத் தூஷிக்கிறவனுக்கு மன்னிப்பு இல்லை என்று இயேசு சொன்னார் என 30-ஆம் வசனமே விளக்குகிறது. கண்ணெதிரே நடக்கும் நன்மையைத் தெரிந்தே தீமை என்று சாதித்தவர்கள் அவர்கள். படுக்கையில் ஒரு சந்தேகம் வந்து பதறிப்போன 16 வயதுப் பெண்ணுக்கும் அந்த வசனத்துக்கும் சம்பந்தமே இல்லை. சந்தேகத்தோடு வந்தவர்களை இயேசு எப்படி நடத்தினார் என்று தெரிய வேண்டுமானால் அதே மாற்குவில் 9-ஆம் அதிகாரத்துக்கு வா. நோயாளி மகனோடு வந்த தகப்பன், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு கத்துகிறான். விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில். அவன் மகன் குணமானான்.

ஆனால் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறாயே, அதைத் தொழில்முறையில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பயம் வருகிறது, மன்னிப்புக் கேட்கிறாய், கொஞ்சம் நிம்மதி, "சரியாகக் கேட்டேனா?" என்று மறுபடியும் பயம். ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பயத்துக்குத் தீனி போடுகிறோம். சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் மடத்தில் இருந்த காலத்தில் மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்வார்; ஏதாவது விட்டுப்போனதோ என்று மறுபடியும் போவார். அவருடைய வழிகாட்டி ஸ்டாவ்பிட்ஸே சலித்துப்போகும் அளவுக்கு இருந்தது. இனிமேல் ஒரே ஒரு தடவை கேள். மறுபடியும் பயம் வந்தால் பதில் சொல்லாதே. "பயம் வந்திருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டுப் புரண்டு படு. முதல் சில நாள் தவிப்பாக இருக்கும், பிறகு தணியும். ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதிலேயே போகிறது, நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை என்றால் அது எண்ணச் சுழற்சி நோயாக (OCD) இருக்கலாம். மருத்துவத்தில் அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. விசுவாசக் குறைவு என்று நினைத்து ஒளிக்கவேண்டாம்.

பள்ளிப் பாடத்தைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. பரிணாமத்தை ஆதியாகமத்தோடு எப்படிச் சேர்த்துப் பார்ப்பது என்பதில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே ஒரே கருத்து இல்லை. ஆழமான விசுவாசிகள் பலர் இரண்டையும் ஏற்றுக்கொள்கிறார்கள். மரபியலுக்கு அடித்தளம் போட்ட கிரிகோர் மெண்டல் ஒரு துறவி. பட்டாணிச் செடிகளை மடத்துத் தோட்டத்தில்தான் வளர்த்தார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணித்து எழுதிய ஜார்ஜ் லெமேத்ர் ஒரு கத்தோலிக்கக் குருவானவர். மனித மரபணுத் திட்டத்தை 2003-ல் முடியும்வரை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸ் நாத்திகராக இருந்து 27 வயதில் கிறிஸ்தவரானவர். இயற்கையைப் பற்றித் தெரியாமல் பேசி விசுவாசத்தைக் கேலிக்கு ஆளாக்காதீர்கள் என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே திருச்சபைத் தந்தை அகஸ்டின் எச்சரித்தார். பாடத்தை நன்றாகப் படி, பரீட்சையை நன்றாக எழுது. ஓய்வுநாள் பள்ளியில் ஒருவர் சொன்ன ஒரு வாக்கியத்தின்மேல் உன் முழு விசுவாசத்தையும் நிறுத்திவைக்காதே.

உன் தோழி கேட்டது அதைவிடப் பெரிய கேள்வி. அவள் நரகத்தைப் பற்றி விளக்கம் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். "உன் பார்வையில் நான் யார்?" என்றுதான் கேட்டிருக்கிறாள். அதற்கு இன்னும் பதில் சொல்லலாம், நாளாகிவிடவில்லை. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு எனக்குப் பதில் தெரியல. தீர்ப்புச் சொல்ற இடத்துல நான் இல்லை. கடவுள் நியாயமானவர்னு நம்புறேன், உன்னை என்னைவிட அவருக்கு நல்லாத் தெரியும். எனக்கு நீ ரொம்ப முக்கியம்." இது மழுப்பல் இல்லை. "சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ" என்று ஆபிரகாமே அந்த இடத்தில்தான் போய் நின்றான். அப்புறம் அவள் எதை நம்புகிறாள், அவள் வீட்டில் எப்படிக் கும்பிடுகிறார்கள் என்று நீயும் கேள், கேட்டுக்கொண்டிரு. நம்முடைய நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடு பதில் சொல்லச் சொல்கிறார் பேதுரு. அவளை மாற்றியே தீரவேண்டும் என்ற நினைப்போடு பழகினால் அவள் அதை ஒரே நாளில் கண்டுபிடித்துவிடுவாள்.

இதையெல்லாம் நேரில் பேச ஒரு பெரியவர் உனக்கு வேண்டும். அப்பாவுக்குக் கட்டுப்பட்டவராக இல்லாமல் இருந்தால் நல்லது. பாட்டியாக இருக்கலாம், போதகரின் மனைவியாக இருக்கலாம், பள்ளி ஆசிரியையாக இருக்கலாம். கடினமான ஒரு கேள்வியைக் கேட்டுப் பார். உடனே வசனம் சொல்லி உன் வாயை அடைப்பவர் வேண்டாம். "எனக்கும் இது தோணியிருக்கு" என்று சொல்லக்கூடியவர் கிடைத்தால் விடாதே.

காலையில் எழுந்திருக்கவே பிடிக்கவில்லை என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். அதை நான் போகிற போக்கில் விடமுடியாது. மனச்சோர்வு, பிடித்த விஷயத்தில்கூட ஆர்வமின்மை, பசியிலும் தூக்கத்திலும் மாற்றம் எல்லாம் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால் அம்மாவோடு போய் ஒரு மருத்துவரைப் பார். செத்துப்போகலாம் என்றோ உன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ ஒரு தடவை தோன்றினாலும் அன்றைக்கே அம்மாவிடமோ நீ நம்பும் ஒரு பெரியவரிடமோ சொல்லிவிடு. ஜெபித்துக்கொண்டே மருத்துவரைப் பார்க்கலாம். ஒன்றுக்கு ஒன்று தடை இல்லை.

கடைசியாக, பாடல் நடத்துவது. இதில் என் கருத்து வேறு ஆலோசகர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். கொஞ்ச மாதங்களுக்கு அதை விட்டுவிடு. பாட உனக்குத் தகுதி இல்லை என்பதால் சொல்லவில்லை. முன்னால் நிற்கும்போது முகத்தில் சந்தோஷத்தை வரவழைக்க வேண்டியிருக்கிறது. கேள்விகளோடு இருக்கிற பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் நல்லதில்லை. கூட்டத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தாதே. மற்றவர்களோடு உட்கார்ந்து, மனதுக்கு உண்மையாக இருக்கிற வரிகளைப் பாடு. வராத வரியில் சும்மா இரு. கூட்டத்தை நடத்தும் அக்காவிடமோ அண்ணனிடமோ பெரிய விளக்கம் எதுவும் தரவேண்டாம். "கொஞ்ச நாள் உட்கார்ந்து பாடுறேன், மறுபடியும் நானே வந்து சொல்றேன்" என்று சொல். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே சொல்லிவிடு, வேறு ஒருவரை ஏற்பாடு செய்ய அவர்களுக்கு நேரம் வேண்டும்.